பழைய மானிட்டரின் பின்மூடியைத் திறக்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இணைப்பிதழில் அண்மையில் வெளிவந்த கணினிக் குறிப்புகளில், படம் தெரியாமல் போன பழைய மானிட்டரை வீட்டிலேயே சரிசெய்வது பற்றிய ஒரு பத்தியும் இடம்பெற்றிருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து, பின்மூடியின் திருகுகளைக் கழற்றி, உள்ளே படிந்திருக்கும் தூசியைத் தூரிகையால் துடைத்தெடுத்தாலே பல கோளாறுகள் நீங்கிவிடும் என்று அதில் கூறப்பட்டிருந்தது. எழுதியவரின் நல்ல நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால், தொலைக்காட்சிப் பெட்டிகளையும் கணினித் திரைகளையும் பழுதுபார்க்கும் வேலையை நெடுங்காலம் மாணவர்களுக்குக் கற்பித்தவன் என்ற முறையில், அந்தப் பத்து நிமிடக் கணக்கை நம்பி யாரும் உள்ளே கைவிட்டுவிடக் கூடாது என்ற கவலை எனக்கு இருக்கிறது. மூடியைத் தொடாமலே கண்டுபிடிக்கக் கூடிய கோளாறுகள் ஏராளமாக இருக்கும்போது, அவற்றைப் பற்றி அந்தப் பத்தியில் ஒரு வரிகூட இல்லாதது வருத்தம் தருகிறது. ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டுகிறேன்.

பின்பக்கம் புடைத்த படக்குழாய் மானிட்டர்களை இன்று யார் வைத்திருக்கிறார்கள் என்று சிலர் கேட்கலாம். சிறு நகரங்களில் பில் போடும் மேசையிலும், கண்காணிப்புக் கேமராவின் காட்சியைப் பார்க்கும் மூலையிலும், அண்ணன் பயன்படுத்தி முடித்துத் தம்பிக்கு வந்து சேர்ந்த பழைய கணினியோடும் அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. பரண்மேல் கிடப்பவை அதைவிட அதிகம். விடுமுறை வந்தால் பிள்ளைகள் அவற்றைத்தான் இறக்கிப் பார்க்கிறார்கள். 2006ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வழங்கப்பட்ட 14 அங்குலப் பெட்டிகளுக்குள் இருப்பதும் இதே வகைப் படக்குழாய்தான் என்பதால், மூடியைத் திறப்பதன் ஆபத்தைப் பற்றி நான் கூறுவது அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் அந்தப் பத்து நிமிடத்தைப் பார்ப்போம். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். அதன் அலையின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். மானிட்டருக்குள் நுழைந்ததும் அது நேர்திசை மின்சாரமாக மாற்றப்பட்டு, மெக்கானிக்குகள் மெயின் கண்டன்சர் என்று அழைக்கும் ஒரு பெரிய மின்தேக்கியில், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் உறுப்பில், அந்த உச்ச அளவிலேயே சேமிக்கப்படுகிறது. 220 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் என்று மேலே அச்சிடப்பட்ட மின்தேக்கி ஒன்றில் அவ்வாறு தேங்கும் ஆற்றல் 11 ஜூலுக்கும் மேல். விரல் நுனியைப் பொசுக்கவும் கையை உதறி வீசச் செய்யவும் அது போதும். ஒரு கையில் ஏறி மறு கை வழியே இறங்கினால் இதயத்துடிப்பையே குலைத்துவிடக் கூடும்.

நல்ல நிலையில் இயங்கிக்கொண்டிருக்கும் மானிட்டரின் பிளக்கைப் பிடுங்கினால், உள்ளிருக்கும் சுற்றுகள் அந்தச் சேமிப்பைச் சில வினாடிகளுக்குள் உறிஞ்சிக்கொள்ளும். நம் கையில் இருப்பதோ பழுதான மானிட்டர். ஃபியூஸ் போகாமல், மின்வழங்கிப் பகுதியில் உள்ள டிரான்சிஸ்டரோ அதைத் தொடக்கிவைக்கும் மின்தடையோ மட்டும் பழுதாகியிருந்தால், மின்தேக்கி நிரம்பிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து எடுத்துச் செலவழிக்க ஒன்றும் இருக்காது. குழாயைத் திறக்க ஆளில்லாத மேல்நிலைத் தொட்டியைப் போல அது நிறைந்தபடி நிற்கும். சில வடிவமைப்புகளில் இந்தத் தேக்கத்தை மெல்ல வடிப்பதற்கென்றே ஒரு மின்தடையை இணைத்திருப்பார்கள். பலவற்றில் அது இருக்காது. இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் சூடேறி அதுவே அறுந்துபோயிருக்கலாம். ஆகவே பத்து நிமிடம் என்றோ ஒரு மணி நேரம் என்றோ வெளியிலிருந்து யாராலும் உறுதி சொல்ல முடியாது. விளக்கே எரியாமல் கிடக்கிறதே, இதில் என்ன மின்சாரம் இருக்கப்போகிறது என்று நினைத்துத் திறக்கப்படும் மானிட்டர்தான், படம் ஓடிக்கொண்டிருக்கும் மானிட்டரைவிட அதிகமாக அஞ்ச வேண்டியது.

இரண்டாவது தேக்கம் படக்குழாயிலேயே இருக்கிறது. வண்ணப் படக்குழாய்க்குத் தேவைப்படும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டுக்கு மேல். 25,000 வோல்ட் என்பது வழக்கமான அளவு. குழாயின் உட்புறமும் வெளிப்புறமும் மின்கடத்தும் கரிப்பூச்சு பூசப்பட்டு, நடுவில் கண்ணாடி இருப்பதால், அந்தக் குழாயே ஒரு மின்தேக்கியாகிவிடுகிறது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில்கூட, அது மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். குழாயின் தோளில் ஒட்டியிருக்கும் ரப்பர் தொப்பிக்கு அடியில்தான் அந்த இணைப்பு இருக்கிறது. முறைப்படி ஒருமுறை வடித்த பின்னரும், கண்ணாடிக்குள் ஊறிக்கிடக்கும் மின்னேற்றம் சில நிமிடங்களில் மறுபடியும் ஓரளவு தலையெடுக்கும் என்பதால், பயிற்சி பெற்றவர்கள் அதை ஒருமுறையோடு நிறுத்துவதில்லை.

இந்த இடத்தில் அடி விழுந்தால், மின்சாரத்தால் நேரும் கேட்டைவிட, உடல் அதிர்ந்து கை தன்னிச்சையாக வீசப்படுவதால் நேரும் கேடு பெரிதாக இருக்கலாம். படக்குழாயின் கழுத்து ஒடுங்கிய, மெல்லிய கண்ணாடி. உள்ளே வெற்றிடம். 15 அங்குல மானிட்டரின் முகப்பில் மட்டும் வெளிக்காற்று அழுத்தும் விசை ஏறக்குறைய 600 கிலோ எடைக்குச் சமம். முகப்புக் கண்ணாடி தடித்தது, அதைச் சுற்றி இரும்புப் பட்டையும் இறுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கழுத்திலோ பின்புறக் கூம்பிலோ திருப்புளியோ முழங்கையோ இடித்தால், குழாய் உள்நோக்கி வெடித்துச் சில்லுகள் எல்லாப் பக்கமும் சிதறலாம்.

திருப்புளியின் நுனியால் மின்தேக்கியின் இரு கால்களையும் சேர்த்துத் தொட்டுப் பொறி பறக்க வைக்கும் காணொளிகளை இளைஞர்கள் விரும்பிப் பார்க்கிறார்கள். அது சரியான முறை அன்று. திருப்புளியின் நுனி உருகித் தெறிக்கலாம், சர்க்யூட் போர்டின் தடங்கள் கருகலாம், எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே ஒரு பொறியைப் பார்த்துவிட்டு எல்லாம் வடிந்துவிட்டது என்ற பொய்யான துணிச்சல் வரலாம். தேர்ந்தவர்கள் தகுந்த மின்தடையின் வழியாக வடித்து, மீட்டரை வைத்து அளந்து பார்த்த பிறகே தொடுவார்கள். அந்தச் செய்முறையை நான் இங்கே விவரிக்காமல் விடுவது வேண்டுமென்றேதான். அருகில் ஒருவர் நின்று, கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்க வேண்டிய வேலை அது. செய்தித்தாளைப் படித்துவிட்டுச் செய்யத்தக்கது அன்று.

வீட்டில் உயிர்காக்கும் டிரிப்பர் பொருத்தியிருக்கிறோமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் அந்தச் சாதனம் கட்டாயம் வேண்டியதுதான். ஆனால் அது காப்பது கம்பி வழியாக வந்துகொண்டிருக்கும் மின்சாரத்திலிருந்து மட்டுமே. பிளக்கைப் பிடுங்கிய பிறகு மானிட்டருக்குள் தேங்கி நிற்கும் மின்னேற்றத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

தட்டையான எல்.சி.டி. மானிட்டரில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்று நினைப்பதும் பாதிதான் உண்மை. படக்குழாயின் 25,000 வோல்ட் அதில் இல்லை. ஆனால் நேரடியாக 230 வோல்ட் கம்பி செருகப்படும் எல்.சி.டி. மானிட்டருக்குள்ளும் அதே 325 வோல்ட் மெயின் கண்டன்சர் இருக்கிறது. எல்.இ.டி. வருவதற்கு முந்தைய எல்.சி.டி. திரைகளின் பின்னால் ஒளி தருவது மெல்லிய குழல்விளக்குகள். அவற்றை எரியவைக்கும் இன்வெர்ட்டர் பகுதி பல நூறு வோல்ட்டை உண்டாக்குகிறது. விளக்கு பற்றும் நொடியில் அது 1,000 வோல்ட்டையும் தாண்டும். அந்தக் குழல்களில் சிறிதளவு பாதரசமும் உண்டு. வெளியில் தனி அடாப்டர் வைத்து 12 வோல்ட்டில் இயங்கும் மானிட்டர்களில் மெயின் கண்டன்சர் அடாப்டருக்குள் இருக்கும் என்றாலும், குழல்விளக்கு வகையாக இருந்தால் இன்வெர்ட்டர் உள்ளேதான் இருக்கும்.

இவ்வளவு அச்சுறுத்திவிட்டு, ஆகவே ஒன்றையும் தொடாதீர்கள், கடைக்குத் தூக்கிச் செல்லுங்கள் என்று முடிப்பது என் நோக்கமன்று. மானிட்டர் போய்விட்டது என்று பழுதுபார்க்கும் மேசைக்கு வருபவற்றில் கணிசமானவை மானிட்டரில் கோளாறே இல்லாதவை. அதை வீட்டிலேயே, ஒரு திருகைக்கூடத் தொடாமல் கண்டுபிடித்துவிடலாம்.

தொடங்கும் முன் ஒரு வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். எந்தக் கம்பியைக் கழற்றுவதாக இருந்தாலும், மாட்டுவதாக இருந்தாலும், மானிட்டரின் பொத்தானை அணைத்தால் போதாது, சுவரிலுள்ள ஸ்விட்ச்சை அணைத்தாலும் போதாது, பிளக்கையே வெளியே இழுத்துவிட வேண்டும். மானிட்டரின் முகப்பிலுள்ள பொத்தான் பெரும்பாலும் உள்ளே வரும் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. சுவர் ஸ்விட்ச்சோ, நம் வீடுகளின் ஒயரிங் இருக்கும் நிலையில், மின்னழுத்தம் உள்ள பேஸ் கம்பிக்குப் பதிலாக, மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருப்பதும் உண்டு. அப்படி இருந்தால் ஸ்விட்ச்சை அணைத்த பிறகும் உள்ளே பேஸ் வந்துகொண்டுதான் இருக்கும்.

மானிட்டரின் முகப்பிலுள்ள சிறு விளக்கே எரியாவிட்டால், அதே பிளக் பாயிண்டில் மேசை விளக்கு ஒன்றைச் செருகிப் பாருங்கள். அது எரிந்தால், அடுத்தது கம்பி. மானிட்டருக்கும் சி.பி.யு. பெட்டிக்கும் வரும் மின்கம்பி பெரும்பாலும் ஒரே வகை என்பதால், இரண்டையும் மாற்றிச் செருகினாலே கம்பியின் நிலை தெரிந்துவிடும். மானிட்டரின் பின்புறம் கம்பி நுழையும் இடம் தளர்ந்து ஆடுவதும், அங்கே கறுத்திருப்பதும் அடிக்கடி காணும் குறை. கறுத்த கம்பியைத் தேய்த்துத் துடைத்து மீண்டும் பயன்படுத்தாமல் புதிதாக வாங்கிவிட வேண்டும். மிகப் பழைய கணினிகளில் மானிட்டரின் மின்கம்பியைச் சுவரில் செருகாமல் சி.பி.யு.வின் பின்புறம் உள்ள துளையில் செருகியிருப்பார்கள். அங்கே சி.பி.யு.வின் மின்வழங்கி போய்விட்டால் மானிட்டருக்கும் மின்சாரம் வராமல் போகலாம். சுவரில் நேரடியாகச் செருகிப் பார்த்தால் உண்மை வெளிப்படும்.

விளக்கு எரிந்தும் திரை இருண்டிருந்தால், அந்த விளக்கின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான மானிட்டர்களில் பச்சையோ நீலமோ எரிந்தால் கணினியிலிருந்து சிக்னல் வருகிறது என்றும், ஆரஞ்சு நிறத்தில் எரிந்தாலோ விட்டுவிட்டு மின்னினாலோ மானிட்டர் உயிரோடு காத்திருக்கிறது, சிக்னல்தான் வரவில்லை என்றும் பொருள். இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. சிக்னல் கம்பியைக் கணினியின் பக்கத்தில் கழற்றிவிட்டு, மானிட்டருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு வந்த மானிட்டர்களில் பெரும்பாலானவை, கம்பியைச் சரிபார்க்கும்படியோ சிக்னல் இல்லை என்றோ திரையில் எழுதிக் காட்டும். அந்த எழுத்து தெளிவாகத் தெரிந்தால் படக்குழாயும் மின்வழங்கியும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன, கோளாறு சி.பி.யு. பெட்டியில் அல்லது கம்பியில். நினைவக அட்டையான ரேமின் கால்களில் அழுக்கு படிந்து தொடர்பு விட்டுப்போனாலே திரை இருண்டுவிடும். அதற்காக மானிட்டரைக் கழற்றி மேய்ந்த இளைஞர்கள் எத்தனையோ பேரை நான் அறிவேன். மாற்றுச் சோதனை இதைவிடவும் உறுதியானது: பக்கத்து வீட்டுக் கணினியில் நம் மானிட்டரை மாட்டிப் பார்ப்பது, அல்லது அவர்களுடைய மானிட்டரை நம் கணினியில் மாட்டிப் பார்ப்பது.

படம் வருகிறது, ஆனால் நிறம் மாறிவிட்டது என்றால் பெரும்பாலும், கணினியிலிருந்து மானிட்டருக்குப் படத்தைக் கொண்டுவரும் வி.ஜி.ஏ. கம்பியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்த 15 கால் இணைப்பில், முதல் மூன்று கால்கள் முறையே சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களைக் கொண்டுவருகின்றன. சிவப்பு அறுந்தால் வெள்ளைத்திரை நீலப்பச்சையாகவும், பச்சை அறுந்தால் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாகவும், நீலம் அறுந்தால் மஞ்சளாகவும் தெரியும். இணைப்பை ஆட்டும்போது நிறம் வந்துவந்து போனால் கம்பியிலேதான் கோளாறு. கழற்றி உற்றுப் பார்த்தால் ஏதோ ஒரு கால் வளைந்து படுத்திருப்பது தெரியும். இரு முனைகளிலும் கழற்றிய நிலையில் நுண்ணிய இடுக்கியால் மெல்ல நிமிர்த்திவிடலாம். ஒன்பதாவது இடத்தில் கால் இல்லையே, முறிந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். ஒன்றிரண்டு கால்களை வைக்காமலே தயாரிக்கப்படும் கம்பிகள் உண்டு. ஒன்பதாவது கால் இல்லாமல் இருப்பது வழக்கமான ஒன்று.

திரையின் ஓரங்களில் பச்சையாகவும் ஊதாவாகவும் திட்டுத்திட்டாக நிறம் படிந்திருந்தால், அது காந்தத்தின் வேலை. ஒலிபெருக்கி, ஸ்டெபிலைசர், யு.பி.எஸ். ஆகியவற்றைப் படக்குழாய் மானிட்டருக்கு அருகில் வைக்கக் கூடாது. படம் விடாமல் அலைபாய்வதற்கும் பக்கத்தில் உள்ள டிரான்ஸ்பார்மரே காரணமாக இருக்கும். அவற்றை இரண்டு முழம் தள்ளிவைத்து, மானிட்டரின் மெனுவில், காந்தத்தன்மையை நீக்கும் டீகாஸ் என்ற தெரிவு இருந்தால் ஒருமுறை இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதை அடுத்தடுத்து அழுத்துவதால் பயன் இல்லை. உள்ளிருக்கும் உறுப்பு ஆறுவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் இடைவெளி கொடுக்க வேண்டும். கணினியில் திரை அமைப்பை மாற்றியதும் படம் மறைந்து, வரம்புக்கு அப்பால் என்ற செய்தி மட்டும் வந்தால், கணினியை அடிப்படை அமைப்புகளோடு மட்டும் இயங்கும் சேஃப் மோடில் தொடங்கி, திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற வேகத்தை 60 ஹெர்ட்ஸாகக் குறைத்தால் போதும்.

எல்.சி.டி. மானிட்டர் இருண்டு கிடந்தால், அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரை நன்றாக இருக்கிறது, பின்னொளிதான் போயிருக்கிறது. போட்டவுடன் இரண்டு வினாடி படம் வந்து அணைந்துவிடுவதும் அதே பகுதியின் கோளாறு. காலையில் பலமுறை போட்டு அணைத்தால்தான் உயிர் வருகிறது, அதன் பிறகு நாள் முழுவதும் ஓடுகிறது என்றால், மின்வழங்கியில் உள்ள மின்தேக்கிகள் உப்பிப் போயிருக்கின்றன என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் உலகெங்கும் தரம் குறைந்த மின்தேக்கிகள் புழக்கத்துக்கு வந்து, அக்காலத்து மானிட்டர்களும், கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகைகளான தாய்ப்பலகைகளும் (மதர்போர்டு) பெருமளவில் பழுதாயின. அவற்றை மாற்றுவது மெக்கானிக்குக்குச் சிறிய வேலை; உதிரிப்பாகத்தின் விலையும் குறைவு. இந்த மூன்று அறிகுறிகளில் எது என்று அவரிடம் சொல்ல முடிந்தால், வீணாக விலையேற்றிச் சொல்லவும் வழியிருக்காது.

மழைக்காலத்தில் என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்றையும் குறிப்பிட வேண்டும். கணினியின் இரும்புப் பெட்டியையோ வி.ஜி.ஏ. கம்பியின் உலோக முனையையோ தொட்டால் சுள்ளென்று இருக்கிறது, மானிட்டரில் மின்கசிவா என்பார்கள். பெரும்பாலும் அது வீட்டின் எர்த் இணைப்பு இல்லாததன் அடையாளம். மின்வழங்கிகளின் வாயிலில், இரைச்சலைத் தடுப்பதற்காக வைக்கப்படும் சிறு மின்தேக்கிகள் உலோகப் பெட்டியோடு இணைந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தச் சிறிய கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால், வழங்கும் மின்னழுத்தத்தில் பாதியளவு பெட்டியில் நின்றுகொண்டிருக்கும். அந்த நிலையில் இரு பெட்டிகளும் ஓடிக்கொண்டிருக்கும்போதே வி.ஜி.ஏ. கம்பியைச் செருகினால் நம் விரலுக்குச் சுள்ளென்பது ஒருபுறமிருக்க, கணினியின் அந்த இணைப்பே பழுதாகிவிடலாம். மூன்று கால் பிளக்கின் பெரிய காலை வெட்டிவிட்டு இரண்டு கால் துளையில் செருகும் பழக்கமும், எர்த் கம்பியே இல்லாத மலிவான எக்ஸ்டென்ஷன் பெட்டிகளும் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. மானிட்டரைப் பழுதுபார்க்கும் முன் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து வீட்டின் எர்த்தைச் சரிசெய்துகொள்வதே அங்கே முதல் பழுதுபார்ப்பு.

சோதனையை உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகளும் உண்டு. கருகிய வாடை, புகை, சட்சட்டென்ற ஒலி, காற்றுத்துளைகளின் வழியே தெரியும் ஊதா நிற ஒளி ஆகியவற்றில் எது வந்தாலும், மானிட்டரைத் தொடாமல் சுவர் ஸ்விட்ச்சையோ வீட்டின் மின்பலகையில் உள்ள எம்.சி.பி. ஸ்விட்ச்சையோ அணைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் தூசியும் ஈரமும் சேர்ந்து, உயர் மின்னழுத்தம் போகும் இடங்களில் கசிவை உண்டாக்குவது இயல்பு. திரையின் நடுவே ஒரே ஒரு கிடைக்கோடு மட்டும் பளிச்சென்று தெரிந்தால், மின்கதிர் மேலும் கீழும் நகராமல் ஒரே கோட்டிலேயே விழுகிறது என்று பொருள். அணைக்காமல் விட்டால் அந்தக் கோடு திரையின் பூச்சிலேயே நிலையாகப் பதிந்துவிடும்.

காற்றுத்துளைகளின் வழியே பல்லி, கரப்பான், எறும்பு எல்லாம் வெதுவெதுப்பை நாடி உள்ளே போவதுண்டு. பல்லி செத்து நாறுகிறது என்பதற்காக ஊக்கையோ துடைப்பக் குச்சியையோ உள்ளே விட்டுக் கிளறுவது பேராபத்து. வெளிப்புறத் தூசியை உலர்ந்த துணியால் துடைக்கலாம். வேக்குவம் கிளீனரின் மென்மையான தூரிகையைத் துளைகளின் மேல் வைத்து இழுக்கலாம். இரண்டையும் பிளக்கைப் பிடுங்கிய பிறகே செய்ய வேண்டும். எல்.சி.டி. திரையின் மேல் நேரடியாக நீர் தெளித்தால் அது வழிந்து கீழ்விளிம்பில் உள்ள நுண்சுற்றுகளைக் கெடுக்கும். துணியைச் சற்றே ஈரமாக்கித் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கடைக்குக் கொண்டுபோவதாக இருந்தால், படக்குழாய் மானிட்டரின் எடை முழுவதும் முன்பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். 17 அங்குல மானிட்டர் ஏறத்தாழ 15 கிலோ இருக்கும். திரை நம் மார்பைப் பார்த்திருக்கும்படி அணைத்துத் தூக்க வேண்டும். இருசக்கர வாகனத்தின் பின்னால் மடியில் வைத்துக்கொண்டு போவதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்.

இனிப் பழுதுபார்த்துப் பயனில்லை என்று மெக்கானிக் சொல்லிவிட்டால், அந்த மானிட்டரைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. ஒரு வண்ண மானிட்டரில் அது ஒன்றிரண்டு கிலோ அளவுக்குக்கூட இருக்கும். கழுத்தைச் சுற்றியுள்ள செம்புச் சுருளுக்காகக் குழாயை உடைத்து, கண்ணாடியை ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் கொட்டிவிடுகிறார்கள். உடைப்பவர் கையிலும் முகத்திலும்தான் முதல் காயம். 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. தயாரிப்பாளர்களுக்கு மறுசுழற்சிப் பொறுப்பையும், மறுசுழற்சி செய்பவர்களுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்யும் கடமையையும் அவை விதித்துள்ளன. ஆனால் சட்டம் இருப்பது தெரிந்த குடும்பத்துக்கும், தன் ஊரில் அந்த மானிட்டரை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பது தெரிவதில்லை.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, இணைப்பிதழில் வெளிவந்த அந்தப் பத்து நிமிட அறிவுரைக்கு ஒரு திருத்தத்தை, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும். கோடை விடுமுறை தொடங்கும் முன்பே அது வந்தால் நல்லது. இரண்டாவது, ஒவ்வொரு மாவட்டத்திலும் மின்னணுக் கழிவைப் பெற்றுக்கொள்ளும் பதிவுபெற்ற இடங்களின் முகவரிகளை, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்டுப் பெற்று, அந்தந்த மாவட்டப் பதிப்பில் ஆண்டுக்கு ஒருமுறையாவது அச்சிட வேண்டும். போகிக்கு முந்தைய வாரம் அதற்குப் பொருத்தமானது. பரண்களை மக்கள் ஒழிப்பது அப்போதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுவியல் பயிற்றுநர் ஒருவர்,
கும்பகோணம்.